ஷோலிகோலா பேரினத்துக்குத் தமிழ்ப்பெயர்: சோலைக்கிளியா, சோலைச்சிட்டா?

நண்பர்களுக்கு வணக்கம்.

மேற்குத் தொடர்ச்சி மலைச் சோலைக்காடுகளுக்கே உரிய ஷோலிகோலா (Sholicola) என்ற சிறு பறவைப் பேரினத்தைச் 'சோலைக்கிளி' என்று கலைச்சொல் பட்டியலில் சேர்க்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. சில ஆங்கிலப் பறவைப் பட்டியல்களில் 'ஷோலகிளி' என்ற பெயர் இடம்பெற்றுவிட்டது உண்மைதான். ஆனால் மலையாளத்தில் கிளி என்பது சிறு பறவை எதையும் குறிக்கும். தமிழில் அது வளைந்த அலகுடைய கிளி ஒன்றையே குறிக்கும். சோலைக்கிளி என்று படித்த மாணவர் மரக்கிளையில் பச்சை நிறத்தைத் தேடுவார். இப்பறவையோ, கருநீல உடலும் கண்ணுக்கு மேலே சிறு வெண்புருவமுமாக, ஓடையோரத்துப் புதரடியின் அரையிருளில் இரை தேடித் தத்தித் திரிவது.

'ராபின்' என்ற பழைய பெயரையும் தொடர வேண்டியதில்லை. 2017இல் மரபணு ஆய்வின் அடிப்படையில் இப்பேரினம் நிறுவப்பட்டபோது, நீல ஈப்பிடிப்பான்களே இவற்றுக்கு நெருங்கிய உறவு என்பது தெளிவாயிற்று. ஆயினும் 'சோலை ஈப்பிடிப்பான்' என்பதும் பொருந்தாது. அப்பெயரைக் கேட்டதும் கிளையில் காத்திருந்து பறந்து பூச்சி பிடிக்கும் பறவைதான் நம் நினைவுக்கு வரும்.

எனவே 'சோலைச்சிட்டு' என்பதை முன்மொழிகிறேன். தேன்சிட்டு, தையல்சிட்டு, மாம்பழச்சிட்டு, கருஞ்சிட்டு என உறவில்லாத பல சிறு பறவைகளுக்கும் சிட்டு என்ற ஈறு ஏற்கெனவே வழங்குவதால், வகைப்பாட்டில் குழப்பம் நேராது. 'சோலைபாடி' என்ற பரிந்துரை செவிக்கு இனிது; ஆனால் சோலையில் நன்றாகப் பாடும் பறவைகள் வேறு பலவும் உண்டு.

சிற்றினப் பெயர்களில் மலையின் பெயர் இருப்பது நல்லது. தாழ்நிலத்தைக் கடக்காத இப்பறவைகளைப் பாலக்காட்டுக் கணவாயும் செங்கோட்டைக் கணவாயும்தான் தனித்தனி இனங்களாகப் பிரித்து வைத்திருக்கின்றன. அதனால்தான், சோலைகள் தேயிலைக்கும் தைல மரத்துக்கும் சீகை (வாட்டில்) மரத்துக்கும் இடம்விட்டுச் சுருங்கிய மலையில், அங்குள்ள பறவை அடுத்த மலைக்குப் போய்ப் பிழைக்க வழியில்லை. வடக்கே உள்ளது, அழியும் ஆபத்திலுள்ள இனமாகப் பன்னாட்டுச் செம்பட்டியலில் இடம்பெற்றது, நீலகிரிச் சோலைச்சிட்டு. தெற்குக் கோடியில் அசம்பு மலையில் உள்ளது அசம்புச் சோலைச்சிட்டு. பழனி, ஆனைமலைப் பகுதிகளில் வாழ்வதற்கு மட்டும் வெண்வயிற்றுச் சோலைச்சிட்டு என்பதை ஏற்கலாம்; இரண்டு மலைகளில் ஒன்றன் பெயரை மட்டும் சூட்டுவது முறையாகாது.

இம்மலைகளின் பழங்குடியினரான இருளரோ கோத்தரோ பளியரோ இப்பறவைக்கு வழங்கும் பெயரை அறிந்தவர் நம்மிடையே இருந்தால் தெரிவிக்க வேண்டுகிறேன். அத்தகைய பெயர் கிடைத்தால் என் முன்மொழிவை விட்டுவிட்டு அதையே பட்டியலில் முதலில் சேர்க்க வேண்டும்.