புதுப்பிப்பு: ஹெரால்டு உத்திரமேரூர் போய்த் திரும்பிவிட்டது

அரை மணி நேரம் ஓடியதும் சூட்டில் நின்றுவிடும் என் பழைய ஸ்டாண்டர்டு ஹெரால்டு காரை, பழைய கார் கிளப்பின் ஞாயிறு பயணத்துக்குக் கொண்டுபோகலாமா என்று சென்ற மாதம் கேட்டிருந்தேன். "பெட்ரோல் குழாயைப் பாருங்கள்" என்றவர்களுக்கு நன்றி. குழாய் புகைபோக்கியை ஒட்டியே போயிருக்கிறது. பெட்ரோல் உள்ளேயே ஆவியாகியிருக்கிறது. குழாயை விலக்கிக் கட்டி, பெட்ரோலை இழுத்துத் தரும் பம்பின் டயாப்ரமையும் (உள்ளே அசையும் சவ்வு) மாற்றினோம்.

தாம்பரத்திலிருந்து ஏழு வண்டிகள். வண்டலூரைக் கடக்கையில் நெஞ்சு நிறைந்துவிட்டது. ஹெரால்டைத் தயாரித்த ஸ்டாண்டர்டு தொழிற்சாலை இருந்த இடம், இவள் பிறந்த இடமல்லவா! செங்கல்பட்டுக்கு அப்பால் ஏரிக்கரைகள், புளியமர நிழல். 948 சிசி எஞ்சின் ஒருமுறைகூடத் திணறவில்லை.

உத்திரமேரூரில் பராந்தக சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டு வந்தால், வண்டியைச் சுற்றிப் பள்ளிப் பிள்ளைகள். மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கமாகச் சாயும் பானெட்டைத் திறந்து காட்டினேன். ஒரு பெரியவர் கைப்பிடியைத் தடவியபடி, "எங்கள் டாக்டர் இதில்தான் வருவார் தம்பி" என்றார். அவரை முன் இருக்கையில் உட்காரவைத்து, தெருக்கோடிவரை ஒரு சுற்றுப் போய்வந்தோம்.

அடுத்த பயணம் செஞ்சிக்கு. அதற்குள் பின்பக்க பிரேக்கைப் பார்க்க வேண்டும்.