புதுப்பிப்பு: முட்டுக்காடு கயாக் சந்திப்பு, நேரம் மாறுகிறது

சென்னைக்குத் தெற்கே முட்டுக்காட்டு உப்பங்கழியில் ஞாயிறு காலை 8 மணிக்குக் கயாக்கோடு (துடுப்பு போட்டு ஓட்டும் ஒடுக்கமான சிறு படகு) கூடலாம் என்று எழுதியிருந்தேன். வருபவர்களில் பலருடையது காற்றடைக்கும் கயாக் என்பதால் 6 மணிக்கே இறங்கிவிடுவோம். வெயில் ஏறிக் கடற்காற்று கிளம்பிவிட்டால் எடை குறைந்த படகைப் பக்கவாட்டில் தள்ளிக்கொண்டே இருக்கும். துடுப்பு போடுவதில் பாதி திசை திருத்தவே போய்விடும். முதலில் தெற்கே போவோம். திரும்பும்போது காற்று முதுகில் இருக்கும்.

கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலத்தைத் தாண்டி யாரும் கடல் பக்கம் போகக்கூடாது. முகத்துவாரம் திறந்திருந்தால், ஓதம் இறங்கி நீர் வற்றும் நேரத்தில் கடலை நோக்கிய இழுப்பு பலமாக இருக்கும். பாலத்தூண்களுக்கு இடையே இன்னும் வேகம். இதில் விட்டுக்கொடுக்கவே மாட்டேன். மீனவர்களின் வலைக்கம்புகளை விட்டும் விலகியே போக வேண்டும்.

லைஃப் ஜாக்கெட்டை மாட்டி, எல்லாப் பட்டைகளையும் இறுக்கி, தோள்பகுதியை மேலே இழுத்துப் பாருங்கள். காதுவரை ஏறினால் அளவு பெரிது, வேறு வேண்டும். விசில், 2 லிட்டர் தண்ணீர், பழைய ஷூ அவசியம். செருப்பைச் சேறு பிடுங்கிக்கொள்ளும், சிப்பி ஓடு காலைக் கிழிக்கும். ஆழம் குறைந்த இடத்தில் படகு நேராகப் போக அடியில் மாட்டியிருக்கும் ஃபின் என்ற சிறு தகடு தரையில் தட்டும், கழற்றிவிடலாம்.

கரையேறியதும் படகை வெயிலில் அப்படியே விடாதீர்கள். உள்காற்று விரிந்து ஒட்டு பிரியும். வால்வைத் திறந்து கொஞ்சம் இறக்கிவிடுங்கள். அப்புறம் கோவளத்தில் இட்லி.