5 மி.மீ. தமிழ் எம்பிராய்டரி எழுத்துக்கு 60 நம்பர் நூல் வாங்க வேண்டுமா?

சிம்மக்கல் தையல்:
யூனிஃபார்ம் சட்டைப் பைக்கு மேலே பிள்ளைகளின் பெயரைத் தமிழில் எம்பிராய்டரி மிஷினில் போட்டுத் தரச் சொல்லி ஆர்டர் வந்திருக்கிறது. டெரிகாட்டன் துணி, எழுத்து உயரம் 5 மி.மீ. தான் இருக்க வேண்டுமாம். என்னிடம் இருப்பது 40 நம்பர் பாலியஸ்டர் நூலும் 11-ஆம் நம்பர் ஊசியும். 'ராமு' படிக்கும்படி வருகிறது. 'கண்ணன்' போட்டால் எல்லாம் ஒட்டிக்கொண்டு ண எது ன எது என்றே தெரியவில்லை, மேலே இருக்கும் இரண்டு புள்ளியும் நூல் முடிச்சு மாதிரி நிற்கிறது. விளக்குத்தூண் பக்கம் நூல் வாங்கப் போன இடத்தில் 60 நூலும் 9-ஆம் நம்பர் ஊசியும் போடச் சொன்னார்கள். செலவு செய்வதற்கு முன்னால் கேட்டுவிடலாம் என்று எழுதுகிறேன்.

ஊசிமுனை:
வாங்குங்கள் அண்ணே, இதில் யோசிக்க ஒன்றும் இல்லை. 40 நூல் என்பது 120 டெனியர் (இழையின் தடிமனைச் சொல்லும் அளவு) இரண்டு புரி, 60 நூல் 75 டெனியர் இரண்டு புரி, நம்பர் ஏற ஏற நூல் மெலியும். ஊசியில் கணக்கு தலைகீழ், 11 என்றால் 0.75 மி.மீ. தடிமன், 9 என்றால் 0.65. பெரிய லோகோவில் இந்த வித்தியாசம் கண்ணுக்கே தெரியாது. ஆனால் 5 மி.மீ. எழுத்தில் ஒரு ஓட்டையை ஒட்டியே அடுத்த ஓட்டை விழுகிறது, தடித்த ஊசி துணியின் இழையை ஒதுக்கி ஒதுக்கிக் கடைசியில் அறுத்தே விடும். நானும் இரண்டு வருடம் 40 நூலோடு மல்லுக்கட்டிவிட்டுத்தான் மாறினேன்.

பஞ்சிங் மேசை:
நூலை மாற்றினால் எழுத்து தெளிந்துவிடும் என்பதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். கணக்கைப் பாருங்கள். 5 மி.மீ. உயர ண-வில் ஒரு சுழியின் வெளி அகலம் சுமார் 2 மி.மீ. வரும். சாட்டின் கோட்டை, அதாவது குறுக்கும் மறுக்கும் நெருக்கி நிரப்பும் தையலை, 1 மி.மீ. அகலம் வைத்தால் இந்தப் பக்கம் 1, அந்தப் பக்கம் 1, சுழிக்குள் மிச்சம் எதுவும் இல்லை. 60 நூல் போட்டுக் கோட்டை 0.8-க்குக் குறைத்தாலும் உள்ளே 0.4 மி.மீ. தான், நூல் உப்பி அதையும் மூடிவிடும். ஆங்கில E, T போன்ற நேர்கோட்டு எழுத்துக்குச் சொன்ன உயரத்தை நம் எழுத்துக்கு அப்படியே வைப்பதுதான் கோளாறு.

இந்த அளவில் சாட்டினையே விட்டுவிட வேண்டும். எழுத்தின் நடுக்கோட்டில் ஒற்றை வரியாக ஓடும் ரன்னிங் தையல் ஒரு தடவை போய் அதே வழியில் திரும்பி வரும்படி பஞ்ச் பண்ணுங்கள், அதாவது கம்ப்யூட்டரில் தையல் ஃபைலை அமைத்துக்கொள்ளுங்கள். சுழியில் தையல் நீளம் 1 மி.மீ. பக்கம் இருக்கட்டும், 2 வைத்தால் சுழி முக்கோணமாகிவிடும். புள்ளி முடிச்சாக நிற்பதற்குக் காரணம் வேறு. ஒவ்வொரு புள்ளிக்கும் மிஷின் நூலை வெட்டி, ஆரம்பத்திலும் முடிவிலும் நூல் பிரியாமலிருக்கப் பூட்டுத் தையல் போடுகிறது. தனியாகப் புள்ளி ஒன்று வரைந்து அதன் மேல் பூட்டும் போட்டால் மேடு கட்டும். அந்தப் பூட்டுத் தையலையே புள்ளியாக வைத்துவிடுங்கள், எழுத்திலிருந்து கொஞ்சம் கூடுதலாகவே மேலே தள்ளி. இதற்கெல்லாம் இருக்கிற 40 நூலும் 11 ஊசியுமே போதும்.

ஊசிமுனை:
கணக்கு சரி, ஆனால் சட்டையைப் போடுகிறவர் கணக்கு பார்க்க மாட்டார். ரன்னிங் தையலில் எழுத்து பேனாவால் எழுதியது போல மெலிந்து நிற்கும், நாலடி தள்ளி நின்றால் டீச்சருக்குப் பெயர் தெரியாது. மக்கள் சாட்டினின் மினுமினுப்புக்குத்தான் காசு கொடுக்கிறார்கள். அப்படியே ரன்னிங்தான் என்று வைத்துக்கொண்டாலும், போய்த் திரும்பும்போது 40 நூலில் இரண்டு வரி பக்கத்தில் பக்கத்தில் படுத்தால் சுழி மறுபடியும் குறுகத்தானே செய்யும்? அங்கேயும் மெல்லிய நூல்தான் நல்லது.

ஒற்றை ஊசி, திருமங்கலம்:
தம்பிகளா, இரண்டு பேரும் துணியைப் பற்றிப் பேசவே இல்லையே. நான் வீட்டில் ஒரே ஊசி மிஷின் வைத்திருக்கிறேன். போன மாதம் காலர் வைத்த பனியன் துணியில் இதே உயரத்தில் பெயர் போட்டேன், 60 நூல், 9-ஆம் நம்பர் ஊசி, அதுவும் நுனி உருண்ட பால் பாயிண்ட். மிஷின் ஓடியதில் ஒரு குறையும் இல்லை, ஆனால் எழுத்து துணியின் குழிகளுக்குள் மூழ்கிவிட்டது. மெல்லிய நூல் சீக்கிரம் மூழ்குகிறது. மேலே தண்ணீரில் கரையும் ஃபிலிமை விரித்து, துணியைத் தாங்க அடியில் வைக்கும் பேப்பரில், தைத்த பின் கிழிக்கிற வகைக்குப் பதில் கத்தரியால் வெட்டுகிற வகையை வைத்த பிறகுதான் பெயர் எழுந்து நின்றது. சித்திரைத் திருவிழாவுக்கு அழகர் வேடம் போடுகிறவர்களின் வெல்வெட் உடையில் சின்ன எழுத்து கேட்டால் நான் 60 நூலைத் தொடவே மாட்டேன், வெல்வெட் முடி அதை முழுசாக விழுங்கிவிடும். டெரிகாட்டன் வழுவழுப்பானது, அதில் இந்தத் தொல்லை இல்லை. ஊசி வாங்கும்போது ஒன்றைப் பாருங்கள். பெரிய மிஷினுக்கு அடித்தண்டு முழு உருண்டை, எங்கள் வீட்டு மிஷினுக்கு ஒரு பக்கம் தட்டை. நம்பர் ஒன்றாக இருந்தாலும் மாறி வாங்கினால் உபயோகப்படாது.

பஞ்சிங் மேசை:
அக்கா சொல்வதை அப்படியே ஏற்றுக்கொள்கிறேன். 60 நூலில் இன்னொரு சிக்கலும் உண்டு. 40 நூலுக்கு 0.4 அடர்த்தியில் (வரிக்கு வரி 0.4 மி.மீ. இடைவெளி) செய்த ஃபைலை அப்படியே 60-இல் ஓட்டினால் நடுநடுவே துணி தெரியும், அடர்த்தியைக் கூட்டி மறுபடி பஞ்ச் பண்ண வேண்டும். அதைச் செய்யாமல் நூல் சரியில்லை என்று திட்டுகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். ஊசியை மட்டும் 9-க்கு மாற்றி 40 நூலையே கோர்க்கிற தப்பையும் பண்ணாதீர்கள், காது சின்னது, நூல் உரசி உரசி நார் நாராகப் பிரியும்.

ஊசிமுனை:
அந்தத் தப்பை நானும் செய்திருக்கிறேன், அதில் சண்டை இல்லை. சிம்மக்கல் அண்ணே, எல்லா நிறமும் வாங்க வேண்டாம், சட்டைக்கு வேண்டிய ஒரே நிறத்தில் ஒரு கோன் வாங்கி ஒரு ஊசியை அதற்கென்றே ஒதுக்கிவிடுங்கள். மேல் டென்ஷனைக் கொஞ்சம் தளர்த்துங்கள், வேகத்தை நிமிடத்துக்கு 600 தையலுக்கு இறக்குங்கள். சாட்டின் போட்டால் அதற்குக் கீழே முதலில் போடும் அடித்தையல் நடுவில் ஒற்றைக் கோடு மட்டும் போதும். வாதம் பண்ணுவதை விட இரண்டையும் போட்டுப் பார்த்துவிடலாம்.

சிம்மக்கல் தையல்:
போட்டுப் பார்த்தேன். அதே துணி, அதே 'கண்ணன்', நாலு விதமாக. 40 சாட்டின் பழைய கட்டிதான். 60 சாட்டின், அடர்த்தியை மாற்றிப் போட்டும் ண-வின் முதல் சுழி மூடியேதான் இருக்கிறது, ஆனால் ஓரம் சுத்தமாக வருகிறது, துணி சுருங்கவில்லை. 40 ரன்னிங்கில் பெயரை வாசிக்க முடிகிறது, திரும்பி வரும் வரி அங்கங்கே விலகி எழுத்து கொஞ்சம் நடுங்கினது போல இருக்கிறது. 60 ரன்னிங்தான் நாலிலும் நல்லது, மூன்று தடவை போகும்படி வைத்தால் தடிமனும் போதுமானதாக வருகிறது. பூட்டுத் தையல் புள்ளி நாலிலும் அழகாக நின்றது, அதற்கு நன்றி.

பள்ளிக்கூடத்தில் நாலையும் காட்டி உயரத்தை 7 ஆக்கலாமா என்று கேட்டேன், 6 வரைக்கும் சம்மதித்தார்கள். 6-க்கு 60 ரன்னிங் என்று முடிவு செய்துவிட்டேன்.

ஊசிமுனை:
7-க்கு விட்டிருந்தால் 60 சாட்டினே அருமையாக வந்திருக்கும்.

பஞ்சிங் மேசை:
7-இல் 40 சாட்டினும் வந்திருக்கும். அது போகட்டும், பெயர்ப் பட்டியலில் 'ஸ்ரீ' இருக்கிறதா பாருங்கள். இருந்தால் துணியை ஃபிரேமில் ஏற்றும் முன் அந்தப் பெயரைத் தனியாக ஒரு துண்டில் போட்டுப் பார்த்துவிடுங்கள், அதன் உள் வளைவு ண-வை விட நெருக்கம்.

சிம்மக்கல் தையல்:
மூன்று பேர் இருக்கிறார்கள். இன்று ராத்திரியே போட்டுப் பார்க்கிறேன்.