ஸ்பா தொடங்க ஆலோசகர் வைத்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா?

வணக்கம். ஸ்பா தொடங்கலாம் என்று கோவை சாய்பாபா காலனியில் 1,200 சதுர அடியில் ஒரு மாடி பிடித்து, அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. பத்து வருடம் பியூட்டி பார்லர் நடத்தியவள்தான். ஆனால் ஸ்பா வேறு கணக்கு என்று இப்போதுதான் புரிகிறது.

போன வாரம் ஓர் ஆலோசகர் வந்து பார்த்தார். பெயின்ட் நிறத்தைப் பற்றிப் பேசுவார் என்று நினைத்தேன். அவரோ மசாஜ் அறைச் சுவரில் காதை வைத்தார். பக்கத்து டயர் கடை கம்ப்ரசர் சத்தம்! அப்புறம் குளியலறையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினார்; அது வடிகால் பக்கம் போகாமல் கதவுக்கு ஓடியது. எங்கள் எஞ்சினியர் இரண்டையுமே சொல்லவில்லை.

சரி, ஆள் கெட்டிக்காரர். ஆனால் கட்டணம் 3 லட்சம், மேலே 18% ஜிஎஸ்டி. 2025 செப்டம்பர் 22 முதல் நம் சேவைக்கு வரி 5% ஆனதோடு உள்ளீட்டு வரி வரவும் (நாம் வாங்குவதற்குக் கட்டிய ஜிஎஸ்டியை நம் வரியில் கழித்துக்கொள்ளும் வசதி) போய்விட்டது. ஆக அந்த 54,000 ரூபாய் என் கைக்காசுதான்.

அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்: பிளான், மாநகராட்சி உரிமம், தெரபிஸ்ட் பயிற்சி எல்லாம் சேர்த்து மொத்தமாகப் பேசினீர்களா, வேலை முடிய முடியப் பணம் கொடுத்தீர்களா? திறந்த பிறகு எத்தனை மாதம் கூட இருந்தார்கள்? சாமான்களையும் தானே வாங்கித் தருகிறேன் என்கிறார்; அங்கே கமிஷன் இருக்குமோ என்று ஒரு நெருடல்.