பத்தாண்டுக்கு ஒரே ஒரு ஆல்பம்: 60கள் முதல் 2010கள் வரை எதை எடுக்கலாம்?

நாடா60 (கேள்வி)

தமிழ்த் திரையிசையில் பத்தாண்டுக்கு ஒன்று என ஆறு ஆல்பங்களை முதல் பாட்டிலிருந்து கடைசிப் பாட்டு வரை ஒரே மாலையில் போட்டுக் கேட்க ஒரு பட்டியல் தயாராகிறது. கேட்டு முடித்ததும் எந்தக் காலம் ஓங்கி நிற்கிறது என்று வாக்கெடுப்பு. இப்போதைக்கு இருப்பது:

60கள்: புதிய பறவை (1964)
70கள்: அன்னக்கிளி (1976)
80கள்: முடிவாகவில்லை
90கள்: ரோஜா (1992)
2000கள்: 7ஜி ரெயின்போ காலனி (2004)
2010கள்: விண்ணைத்தாண்டி வருவாயா (2010)

இரண்டு சிக்கல்கள். ஒன்று, வரிசையாகப் போட்டுப் பார்த்தால் 60கள் ஒல்லியாகவும் 2000த்துக்குப் பின் வந்தவை காதை அறைகிற மாதிரியும் இருக்கின்றன. இப்படியே வாக்கெடுத்தால் பாட்டுக்கு விழாது, சத்தத்துக்குத்தான் விழும். இரண்டு, 60களில் "ஆல்பம்" என்று ஒன்று இருந்ததா? எதை ஆல்பம் என்று கணக்கில் எடுப்பது?

மோனோகாது

இரண்டாவதற்கு முதலில் வருகிறேன். பாட்டை எதில் ஏற்றி விற்றார்கள் என்பதைப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீரும்.

10 அங்குல 78 தட்டில் (நிமிடத்துக்கு 78 சுற்று) ஒரு பக்கத்துக்கு மூன்றேகால் நிமிடம் போல்தான் கொள்ளும். படத்தில் மூன்று சரணம் வந்தாலும் தட்டில் இரண்டோடு நிறுத்த வேண்டியிருக்கும், இல்லையென்றால் பாட்டைப் பாதியில் வெட்டி மறுபக்கத்தில் தொடர வேண்டும். அடுத்து வந்த 7 அங்குல 45 தட்டில் பக்கத்துக்கு இரண்டு என நான்கு பாட்டு. ஏழெட்டுப் பாட்டு உள்ள படத்தை வாங்க இரண்டு தட்டு வேண்டும். 12 அங்குல எல்பியில் பக்கத்துக்கு இருபது, இருபத்திரண்டு நிமிடம். அதிலும் ஒரு பக்கம் ஒரு படம், மறுபக்கம் இன்னொரு படம் என்று வந்தவை ஏராளம். கேசட்டும் அப்படித்தான். சி-60 என்றால் பக்கத்துக்கு 30 நிமிடம், ஐந்து பாட்டுப் படம் ஒரு பக்கத்திலேயே அடங்கிவிடும்.

ஆக 60களுக்கு "படத்தின் எல்லாப் பாட்டுகளும், படத்தில் வரும் வரிசையில்" என்று வைத்துக்கொள்ளுங்கள். தட்டுப் பிரதியா படப் பிரதியா என்பதையும் முன்பே முடிவு செய்யுங்கள், கலக்காதீர்கள். படப் பிரதியில் நடுவே வசனமும் காலடிச் சத்தமும் நுழைந்துவிடும்.

தேர்வில் ஒரு மாற்றம். புதிய பறவையில் "எங்கே நிம்மதி" தனி மலை, மறுப்பில்லை. ஆனால் ஆல்பமாகக் கேட்க அதே 1964இல் வந்த காதலிக்க நேரமில்லை பொருத்தம். விஸ்வநாதன்–ராமமூர்த்தி, கண்ணதாசன். பி.பி.ஸ்ரீனிவாஸ், சுசீலா, எல்.ஆர்.ஈஸ்வரி, ஜேசுதாஸ், சீர்காழி எனக் குரல் மாறிக்கொண்டே இருக்கும். "அனுபவம் புதுமை" லத்தீன் தாளத்தில் போகும், சீர்காழியின் தலைப்புப் பாட்டு நேர் எதிர்த் திசையில் நிற்கும். வரிசையாகக் கேட்டாலும் அலுக்காது. எம்.ஜி.ஆர் பாட்டு வேண்டும் என்றால் ஆயிரத்தில் ஒருவன் (1965). ஏழு பாட்டில் ஒன்றைக்கூடத் தாண்டத் தோன்றாது. விஸ்வநாதன்–ராமமூர்த்தி இரட்டையர் பிரிவதற்கு முன் சேர்ந்து செய்த கடைசிப் படம் என்பதும் சேர்ந்துகொள்கிறது.

அந்த "ஒல்லி"க்கு ஒரு காரணம் மோனோ, அதாவது இடம் வலம் என்று பிரிக்காமல் ஒரே தடத்தில் பதிந்த ஒலி. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒரே கூடத்தில் ஒரே நேரத்தில் வாசித்துப் பதிவானவை அவை. ஒருவர் பிசகினாலும் மொத்தமும் மறுபடி முதலிலிருந்து. அந்தப் பதிவை இரண்டு காதுக்கும் பிரித்துப் போலி ஸ்டீரியோ ஆக்கிய பிரதிகள் நிறையச் சுற்றுகின்றன. வலது பக்கம் ஒரு மயிரிழை தாமதமாகும், குரல் நடுவில் நிற்காமல் நீச்சலடிக்கும். கண்டுபிடிப்பது எளிது: ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் ஒரு சேனலைத் தலைகீழாக்கி இரண்டையும் ஒன்றாகக் கூட்டுங்கள். உண்மையான மோனோவானால் மௌனம்தான் மிஞ்சும். ஏதாவது கேட்டால் போலி ஸ்டீரியோ, அல்லது மாற்றும்போது டேப் ஹெட் சாய்ந்திருந்தது. தட்டிலிருந்து எடுத்ததில் கொஞ்சம் சரசரப்பு மிஞ்சும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். பாட்டே கேட்டால்தான் பிரச்சினை.

இரண்டாம் இடையிசை

80களில் முடிவாகவில்லையா! ஜானி (1980). ஐந்து பாட்டு, ஐந்து குரல்: சுஜாதா, எஸ்.பி.பி, ஜென்சி, எஸ்.பி.ஷைலஜா, எஸ்.ஜானகி. ஒரே ஆல்பத்தில் ஒருவர்கூட இரண்டாம் முறை வரவில்லை. 1980ஐ 70களின் வால் என்று யாராவது சண்டைக்கு வந்தால் மௌன ராகம் (1986) போடுங்கள்.

இந்தக் காலத்தை ஏன் உயர்த்திப் பிடிக்கிறேன் என்றால், பல்லவிக்கும் சரணத்துக்கும் நடுவே நடக்கும் வேலைக்காக. இரண்டு இடையிசைகளையும் தனித்தனியே வெட்டி எடுத்து அடுத்தடுத்துப் போட்டுக் கேளுங்கள். ராஜாவிடம் இரண்டாவது பெரும்பாலும் முதலாவதின் மறுபதிப்பாக இருக்காது. வயலின் கூட்டம் விட்ட இடத்தைப் புல்லாங்குழல் எடுக்கும், அடியில் பேஸ் கிதார் தனக்கென்று ஒரு மெட்டுப் பாடிக்கொண்டு போகும். எல்லாம் தாளில் எழுதிக் கொடுத்து வாசிக்க வைத்தது. மலிவான ஒலிபெருக்கியில் அந்த பேஸ் காணாமலே போய்விடும், அதனால் 80களை மதிப்பிடுபவர்கள் ஹெட்போனிலாவது ஒரு முறை கேட்டுவிட்டு வாக்களிக்கட்டும்.

70களுக்கு அன்னக்கிளி வரலாற்றுக்குச் சரி. ஆல்பமாக எனக்கு நினைத்தாலே இனிக்கும் (1979) மேல். இசைக்குழுவைப் பற்றிய படம், பாட்டுகளுக்கு மேடை என்ற காரணமே கதையில் இருக்கிறது. "சம்போ சிவ சம்போ"வை எம்.எஸ்.வி தானே பாடினார். ராஜா அலை அடித்துக்கொண்டிருந்த வருடத்தில் மூத்தவர் கொடுத்த பதில் அது.

திரைக்கு வெளியே ஒன்று சேர்க்கலாமென்றால் ஹௌ டு நேம் இட் (1986). பத்து உருப்படிகள், வி.எஸ்.நரசிம்மன் வயலின், தியாகராஜருக்கும் ஜெர்மானிய இசைமேதை பாக்குக்கும் (Bach) சமர்ப்பணம். படக் காட்சிக்குக் கட்டுப்படாமல் ஆல்பமாகவே யோசித்துச் செய்தது. ஆனால் வாக்கெடுப்பில் இதைச் சேர்த்தால் மற்றவற்றுக்கு அநியாயம்.

டெசிபல்

சத்தப் பிரச்சினைக்கு. பழைய பிரதிக்கும் 2010க்குப் பின் வந்த மிக்ஸுக்கும் 6 முதல் 10 டெசிபல் வித்தியாசம் இருப்பது சாதாரணம். ஒரே பாட்டை 1 டெசிபல் கூட்டிப் போட்டாலே "இதுதான் தெளிவு" என்று காது சொல்லும். எனவே சமப்படுத்தாமல் எந்த வாக்கும் செல்லாது.

ஆடாசிட்டியில் ஒரு ஆல்பத்தின் எல்லாப் பாட்டுகளையும் ஒரே டிராக்கில் வால் தலையாக ஒட்டுங்கள். முழுவதையும் தேர்ந்து லவுட்னஸ் நார்மலைசேஷன் -20 லஃப்ஸ் (காதுக்குக் கேட்கும் சத்தத்தை அளக்கும் அலகு). மோனோ கோப்பானால் "டூயல் மோனோவாகக் கருது" என்ற கட்டத்தில் டிக் போட வேண்டும், விட்டால் 3 டெசிபல் தப்பும். ஆறு ஆல்பத்துக்கும் இதே எண்.

தப்பு நடக்கும் இடங்கள்: பாட்டுப் பாட்டாகச் சமப்படுத்தினால் தாலாட்டும் குத்துப்பாட்டும் ஒரே உயரத்துக்கு வந்து ஆல்பத்தின் ஏற்ற இறக்கம் செத்துவிடும், அதனால்தான் ஒட்டச் சொன்னேன். -14 வைத்தால் பழைய பதிவுகளில் தவில், டிரம்ஸ் அடிக்கும் உச்சிகள் வெட்டுப்படும். சமப்படுத்தியதும் புதிய மிக்ஸ்கள் திடீரெனத் தட்டையாகக் கேட்கும், பயப்பட வேண்டாம், அதுதான் அவற்றின் உண்மை முகம். ஸ்பாட்டிஃபையிலேயே போடுவதானால் ஒலி சமப்படுத்தலை இயக்கிவிட்டு, பிளேலிஸ்டாக அல்லாமல் ஆல்பமாகத் திறந்து வரிசையாக ஓட விடுங்கள்.

கோப்பின் தரத்தையும் பாருங்கள். ஸ்பெக்ட்ரோகிராமில் (எந்த அலைவரிசையில் எவ்வளவு ஒலி என்று காட்டும் படம்) 16 கிலோஹெர்ட்ஸில் கத்தியால் வெட்டியது போல் நின்றால் மூலம் 128 கேபிபிஎஸ் எம்பி3 ஆக இருக்கவே வாய்ப்பு அதிகம், பெயர் ஃபிளாக் (தரம் குறையாமல் சுருக்கிய கோப்பு) என்று இருந்தாலும் சரி. இரைச்சலை அளவுக்கு மீறி நீக்கிய பிரதியில் பாட்டு முடிந்து எதிரொலி தேயும் இடம் தண்ணீருக்குள் முழுகிய மாதிரி இருக்கும். அதைவிடச் சரசரப்போடு இருக்கும் பிரதியே மேல்.

சி90

எல்லாரும் 80களுக்கே கொடி பிடிச்சா எப்படி? 90கள்தான்யா. ஆனா ரோஜாவை மட்டும் வெச்சு வாதாட மாட்டேன். திருடா திருடா (1993) எடுங்க. "ராசாத்தி" பாட்டுல ஷாகுல் ஹமீது குரலும் கோரஸும்தான், வாத்தியமே கிடையாது. அதே ஆல்பத்துல "கொஞ்சம் நிலவு" முழுக்க மின்னணு. ரஹ்மான் ஒரே ஆள், ஒரே வருஷம். அதுக்கு முன்னாடி ஒரு தமிழ் ஆல்பத்துல இவ்வளவு தூரம் ரெண்டு எல்லைக்கும் போனது எது, சொல்லுங்க பாப்போம்.

காலங்களை நேருக்கு நேர் மோத விடணும்னா தளபதி (1991), ரோஜா (1992) ரெண்டையும் பக்கத்துல பக்கத்துல போடுங்க. இயக்குநர் ஒருத்தர்தான், மணிரத்னம். அவரோட ராஜா சேந்த கடைசிப் படம், ரஹ்மான் சேந்த முதல் படம். தளபதியில ஆர்கெஸ்ட்ரா மொத்தமா மூச்சு விடும், "ராக்கம்மா" நடுவுல குனித்த புருவமும்னு அப்பர் தேவாரம் வந்து நிக்கும்போது புரியும். ரோஜாவுல ஒவ்வொரு ஒலியும் தனித்தனி அறையில உக்காந்திருக்கும், கிளிக் டிராக்குக்கு (தாளம் காட்டுற டிக் டிக் ஒலி) இம்மி பிசகாது. வேற வேற அழகு. எச்.ஸ்ரீதர் மாதிரி ஒலிப்பொறியாளர் பேரை ரசிகர்கள் தேடிப் படிக்க ஆரம்பிச்சது இந்தக் காலத்துலதான்.

எச்சரிக்கை: 90களை கேசட்ல இருந்து மாத்தின கோப்புல கேக்காதீங்க. ஹெட் கோணம் ஒரு துளி சாஞ்சாலே ரோஜாவோட மேல் ஒலியெல்லாம் போர்வை போத்திக்கும். டால்பி பி-ல (கேசட் இரைச்சலைக் குறைக்கிற முறை) பதிவான கேசட்டை டால்பி இல்லாம ஓட்டினா கூசும், சாதாரண கேசட்டை டால்பி போட்டு ஓட்டினா மங்கும். சிடி பிரதி கிடைச்சா அதுதான்.

2000களுக்கு 7ஜி சரியான தேர்வு. யுவன், நா.முத்துக்குமார். தீம் இசைத் துண்டுகளையும் விடாம போடுங்க, அதுதான் ஆல்பத்தை ஒட்டி வெச்சிருக்கு. 2010கள்தான் கஷ்டம். "கொலவெறி" 2011 நவம்பர்ல தனியா வந்து ஓடிச்சு, 3 படம் 2012ல. அதுக்கப்புறம் சிங்கிள் சிங்கிளா விட்டு, ஆல்பம் வர்றப்ப பாதி ஏற்கனவே பழசாகிடுது. வி.தா.வ பெரிய ஆல்பம்தான், ஆனா 2010ங்கிறது எல்லைக்கோடு. 2010களுக்கு நல்லா உள்ளே வேணும்னா 96 (2018), கோவிந்த் வசந்தா. கொஞ்சமான வாத்தியம், நிறைய இடைவெளி.

நாடா60

நன்றி. மாற்றிய பட்டியல்: காதலிக்க நேரமில்லை, நினைத்தாலே இனிக்கும், ஜானி, திருடா திருடா, 7ஜி, 96. தளபதி–ரோஜா மோதல் தனியாக இன்னொரு நாள். முதல் இரண்டையும் தட்டிலேயே போடலாம் என்று ஒரு யோசனை. டர்ன்டேபிளில் எதைக் கவனிக்க வேண்டும்?

மோனோகாது

வேகம்தான் முதலில். 3 சதவீதம் கூடினாலே சுருதி அரை ஸ்வரத்தில் பாதி ஏறிவிடும், சுசீலா குரல் சிறுமி குரலாகும். ஸ்ட்ரோப் தாளை (சுற்றிக் கோடு போட்ட வட்டத் தாள்) அச்சடித்துத் தட்டின் மேல் வையுங்கள், வேகம் சரியானால் விளக்கடியில் கோடுகள் நின்றது போல் தெரியும். நம் ஊர் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்துக்கு 33⅓ என்றால் 180 கோடு, 45க்கு 133, 78க்கு 77. இணையத்தில் கிடைப்பவை பாதி 60 ஹெர்ட்ஸ் ஊர்களுக்கானவை, கோடுகளை எண்ணிப் பார்த்து எடுங்கள். பெரும்பாலான எல்இடி விளக்கில் கோடு நிற்காது, பழைய குண்டு பல்பு வேண்டும்.

ஊசி: எல்பி, 45க்கு 0.7 மில் (அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு ஒரு மில்). 78க்கு 3 மில் தனி ஊசி. எல்பி ஊசியை 78இல் வைத்தால் பள்ளத்தின் அடியில் கிடந்து குப்பையை மட்டும் வாசிக்கும். மோனோ தட்டுக்கு ஆம்ப்ளிஃபையரில் மோனோ பொத்தானை அழுத்துங்கள், ஊசி மேலும் கீழும் ஆடுவதால் வரும் இரைச்சல் அங்கேயே கழிந்துவிடும்.

எல்பியில் ஓரத்துப் பாட்டுக்கு ஊசி நொடிக்கு 50 சென்டிமீட்டர் ஓடுகிறது, உள்வட்டத்தில் 21தான். பக்கத்தின் கடைசிப் பாட்டில் "ச" "ஷ" எல்லாம் எச்சில் தெறிக்கிற மாதிரி இருந்தால் பாடகியைக் குறை சொல்லாதீர்கள். கார்ட்ரிஜ் (ஊசியைத் தாங்கும் பகுதி) சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பாருங்கள்.

துடைப்பதில் ஒரே ஒரு விதி: 78 தட்டில் ஸ்பிரிட், ஐசோபுரொபைல் எதுவும் படக்கூடாது. அது அரக்கு, ஆல்கஹாலில் கரையும். காய்ச்சி வடித்த தண்ணீரும் மெல்லிய துணியும் போதும், நடுவிலுள்ள காகித லேபிள் நனையாமல்.