லூஸில் வாங்கும் நாய்த் தீவனம்: பேட்ச் நம்பர் இல்லாமல் எதைத் திரும்பப் பெறுவது?

பிரௌனி வீடு, ராயபுரம்:

எங்கள் பிரௌனிக்கு நான்கு வயது. நாட்டு நாய். போன மாதம் மூன்று நாள் தட்டை மோந்து பார்ப்பதும் போய்ப் படுத்துக்கொள்வதுமாக இருந்தாள். வெயிலுக்கு அப்படி இருக்கிறாள் என்று விட்டுவிட்டோம். நான்காம் நாள் வாந்தி. இமையைத் தூக்கிப் பார்த்தால் கண் வெள்ளை மஞ்சளாக இருந்தது. ஆட்டோ பிடித்து வேப்பேரி கால்நடை மருத்துவமனைக்கு ஓடினோம். ரத்தம் எடுத்துப் பார்த்துவிட்டு, கல்லீரல் அடிபட்டிருக்கிறது என்றார்கள். டாக்டர் அடுத்துக் கேட்டது, "என்ன தீவனம் போடுறீங்க? அந்தப் பையைக் கொண்டுவந்தீங்களா?"

என்னிடம் இருந்தது முடிச்சுப் போட்ட வெள்ளைப் பை. தெருமுனைக் கடையில் இருபது கிலோ மூட்டையைப் பிரித்து, இரண்டு கிலோ எடை போட்டுக் கொடுத்தது. கம்பெனி பெயர் கடைக்காரர் வாயால் சொன்னதுதான். தயாரித்த தேதி, பேட்ச் நம்பர் எதுவும் இல்லை. திரும்பிப் போய்க் கேட்டால், அந்த மூட்டை முடிந்துவிட்டது, சாக்கைப் பழைய பேப்பர் கடையில் போட்டாயிற்று என்றார்.

பன்னிரண்டு நாள் டிரிப்ஸ் ஏற்றினோம். இப்போது கஞ்சி குடிக்கிறாள். தீவனம்தான் காரணம் என்று என்னால் நிரூபிக்க முடியாது, சோதனைக்குக் கொடுக்க ஒரு பிடிகூட மிச்சமில்லை. அதே மூட்டையில் இன்னும் எத்தனை வீட்டுக்குப் போயிருக்கும்? அவர்களுக்கு யார் சொல்வது? லூஸ் விற்பனையை அடியோடு நிறுத்த வேண்டும் என்று நினைக்கிறேன். மற்றவர்கள் என்ன சொல்கிறீர்கள்?

கொடுங்கையூர் கடை:

தம்பி, உங்கள் நாய் பிழைத்ததில் எனக்கும் சந்தோஷம். ஆனால் அடியோடு நிறுத்து என்பதை என்னால் ஏற்க முடியாது. பதினோரு வருடமாக இந்தக் கடை நடத்துகிறேன். என்னிடம் லூஸ் வாங்குகிறவர்கள் யார் தெரியுமா? மீன் லோடு ஏற்றுகிறவர், ஆட்டோ ஓட்டுகிறவர், வீட்டு வேலைக்குப் போகிற அம்மா. அந்த அம்மா தினமும் அரை கிலோ வாங்கித் தெருவில் ஆறு நாய்க்குப் போடுகிறார். இருபது கிலோ மூட்டையை மொத்தமாக வாங்க அவரால் முடியுமா? நான் லூஸ் தரவில்லை என்றால் அந்த நாய்களுக்கு டீக்கடை பிஸ்கட்தான்.

இன்னொன்றையும் யோசித்துப் பாருங்கள். என் கடையில் ஒரு மூட்டை பிரித்தால் மூன்று நாளில் காலி. நீங்கள் வீட்டில் பிரித்தால் இரண்டு மாதம் கிடக்கும். நம் பக்கம் கடல் காற்றில் உப்பே கசிந்து தண்ணீராகிறது. எது முதலில் பூஞ்சை பிடிக்கும்?

பெரம்பூர் லேப்ரடார்:

ஏன் இவ்வளவு குழப்பம்? கொஞ்சம் காசு கூடப் போட்டு வெளிநாட்டு பிராண்டு மூடின பையாக வாங்குங்கள். ஏழு வருடமாக எனக்கு ஒரு பிரச்சினையும் இல்லை.

வேப்பேரி மாணவி:

பெரம்பூர் அண்ணா, விலை கூடினால் பயமில்லை என்பது சரியில்லை. கால்நடை மருத்துவம் படிக்கிறேன், அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

2007 மார்ச் 16 அன்று மெனு ஃபுட்ஸ் என்ற கனடா கம்பெனி சுமார் 6 கோடி டின், பவுச்சுகளைத் திரும்பப் பெற்றது. மலிவான பிராண்டு, விலை உயர்ந்த பிராண்டு என்று பல பெயர்களுக்கு அந்த ஒரே கம்பெனிதான் தயாரித்துக் கொடுத்தது. லேபிள் வேறு வேறு, உள்ளே போன கோதுமை குளூட்டன், அதாவது கோதுமையிலிருந்து எடுக்கும் புரதம், ஒன்று. அது சீனாவிலிருந்து வந்தது, அதில் மெலமின் என்ற ரசாயனம் கலந்திருந்தது. ஏன் கலந்தார்கள் என்றால், புரதம் எவ்வளவு என்று பார்க்கும் வழக்கமான சோதனை உண்மையில் அளப்பது நைட்ரஜனை. மெலமினில் நைட்ரஜன் அதிகம். கொஞ்சம் சேர்த்தால் புரதம் கூடினதுபோல் காட்டும். மெலமினும் அதனோடு இருந்த சயனூரிக் அமிலமும் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படிந்து, பூனைகளும் நாய்களும் சிறுநீரகம் செயலிழந்து இறந்தன. அடுத்த ஆண்டு சீனாவில் குழந்தைகளின் பால் பவுடரில் பிடிபட்டதும் இதே மெலமின்தான். 6 குழந்தைகள் இறந்தன.

2019-ல் ஹில்ஸ் கம்பெனி டின் நாய் உணவைத் திரும்பப் பெற்றது. அதில் விஷம் எதுவும் கலக்கவில்லை. சப்ளையர் கொடுத்த வைட்டமின் கலவையில் வைட்டமின் டி அளவுக்கு மேல் போய்விட்டது. டாக்டர்கள் எழுதிக் கொடுக்கும் பிராண்டு அது.

பிரௌனிக்கு நடந்தது என்ன என்று நான் சொல்ல முடியாது. மஞ்சள் காமாலைக்கு எலிக்காய்ச்சல் உட்பட வேறு காரணங்களும் உண்டு. ஆனால் சாப்பிடாமை, வாந்தி, மஞ்சள் கண் மூன்றும் சேர்ந்து வந்தால் அஃப்லாடாக்சினையும் சந்தேகிக்கத்தான் வேண்டும். மக்காச்சோளம், நிலக்கடலைப் பிண்ணாக்கு போன்றவற்றில் வளரும் ஒரு பூஞ்சை விடுகிற நஞ்சு அது. அமெரிக்காவில் நாய்த் தீவனத்துக்கு அனுமதித்த அளவே கிலோவுக்கு 20 மைக்ரோகிராம்தான்.

காசிமேடு பூனை அக்கா:

இதையெல்லாம் படித்த பிறகும் கடைத் தீவனம் வேண்டும் என்கிறீர்களா? எங்கள் அம்மா காலத்தில் எந்தப் பூனை பை உணவு தின்றது? துறைமுகத்தில் ஏலம் முடிந்ததும் மீன் தலை, சின்ன மீன் எடுத்து வருவேன். பதினான்கு பூனைகள் அதைத் தின்றுதான் வளர்கின்றன. என்ன போடுகிறேன் என்று என் கண்ணுக்குத் தெரியும். உங்கள் மூட்டைக்குள் என்ன அரைத்துப் போட்டிருக்கிறது என்று உங்களில் ஒருவருக்காவது தெரியுமா?

வேப்பேரி மாணவி:

அக்கா, உங்கள் கேள்வி நியாயம்தான். மீனை வேகவைத்துப் போடுகிறீர்களா, பச்சையாகவா? நெத்திலி போன்ற சில மீன்களைப் பச்சையாகவே தினமும் கொடுத்தால், அதில் உள்ள ஒரு நொதி பி1 வைட்டமினை அழித்துவிடும். பூனை தலையைத் தூக்க முடியாமல் தொங்கவிடும், வலிப்புகூட வரும். வேகவைத்தால் அந்த நொதி போய்விடும்.

அஃப்லாடாக்சின் அப்படியில்லை, நம் அடுப்புச் சூட்டுக்கு அது அழியாது. வீட்டுச் சமையல் என்பதாலேயே தப்பிக்க முடியாது. இந்த நஞ்சைக் கண்டுபிடித்ததே நிலக்கடலைப் பிண்ணாக்கில்தான். 1960-ல் இங்கிலாந்தில் ஒரு லட்சத்துக்கும் மேல் வான்கோழிகள் இறந்தபோது தேடிப்போய்ப் பிடித்தார்கள். பூசணம் பிடித்த அரிசியைக் கழுவி நாய்க்கு வடித்துப் போடுகிற பழக்கம் நம் வீடுகளில் இருக்கிறது. அதைத் தயவுசெய்து விட்டுவிடுங்கள்.

காசிமேடு பூனை அக்கா:

வேகவைத்துத்தான் போடுகிறேன் கண்ணு, முள் குத்துமே. ஆனால் ஒன்று, என் மீன் கெட்டால் என் பதினான்கு பூனையோடு போகும். ஃபேக்டரியில் ஒரு மூட்டை சோளம் கெட்டால் எத்தனை ஊருக்குப் போகிறது பாருங்கள். அதைத்தான் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டை 81:

பிரௌனி வீடு, உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் பேட்ச் நம்பர் இருந்திருந்தால் மட்டும் என்ன நடந்திருக்கும்? 2006 உணவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உணவு என்பதற்கான விளக்கத்திலேயே கால்நடைத் தீவனத்தை விலக்கி வைத்திருக்கிறார்கள். உணவைத் திரும்பப் பெறுவதற்கு 2017-ல் விதிமுறை வந்தது. அது மனிதர் சாப்பிடும் பொருளுக்குத்தான். நாய்த் தீவனத்துக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனம் ஒரு தரம் வகுத்திருக்கிறது, ஆனால் அமெரிக்காவில்போல உடனே வந்து பார்க்க ஓர் அதிகாரி நமக்கு எங்கே? நம்பரை வைத்துக்கொண்டு யாரிடம் போவீர்கள்? முதலில் சட்டம் மாற வேண்டும். அதுவரை கடைக்காரரைக் குறை சொல்லிப் பயனில்லை.

பிரௌனி வீடு, ராயபுரம்:

சார், சட்டம் வரும்வரை காத்திருக்க என் நாய்க்கு ஆயுசு கிடையாது. அதோடு, போக இடமே இல்லை என்பதும் முழுக்கச் சரியில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம், ஆபத்தான பொருளைத் திரும்பப் பெற உத்தரவிடலாம். நாய்த் தீவனமும் காசு கொடுத்து வாங்குகிற பொருள்தானே. 1915 என்ற எண்ணில் கூப்பிட்டுப் புகார் சொல்லலாம். கூப்பிட்டேன். எந்தக் கம்பெனி, எந்த பேட்ச், பில் இருக்கிறதா என்று கேட்டார்கள். மூன்றுக்கும் என்னிடம் பதில் இல்லை. சட்டத்தில் ஓட்டை இருக்கிறது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் இருக்கிற கதவைத் தட்டக்கூட எனக்கு அந்த நம்பர் வேண்டியிருந்தது.

மாணவி தங்கச்சி சொன்ன 2007 விவகாரத்தை நானும் தேடிப் படித்தேன். முதலில் அறிவித்தது, 2006 டிசம்பர் 3 முதல் 2007 மார்ச் 6 வரை தயாரித்தவை என்று. வீட்டில் இருப்பவர் டின்னைத் திருப்பிப் பார்த்தால் போதும், வைப்பதா வீசுவதா என்று தெரிந்துவிடும். 2020 டிசம்பரில் அமெரிக்காவில் ஸ்போர்ட்மிக்ஸ் தீவனத்தில் அஃப்லாடாக்சின் பிடிபட்டபோதும், முதலில் சில பேட்ச் மட்டும், பிறகு ஓக்லஹோமா ஃபேக்டரியில் சோளம் சேர்த்துச் செய்தவற்றில் 2022 ஜூலை 9 அல்லது அதற்கு முன் காலாவதியாகும் எல்லாம் என்று விரித்துக்கொண்டே போனார்கள். 110-க்கும் மேல் நாய்கள் இறந்ததாகத் தகவல் போயிருந்தது. அதே அறிவிப்பு நாளைக்கு இங்கே வந்தால், முடிச்சுப் போட்ட பையில் எதைத் திருப்பிப் பார்ப்பது?

கொடுங்கையூர் கடை:

இப்போது புரிகிறது. நீங்கள் லூஸையும் நம்பர் இல்லாததையும் ஒன்றாகப் போட்டு அடிக்கிறீர்கள் தம்பி. இரண்டும் வேறு. மூட்டையில் அச்சடித்திருப்பதை நான் பையில் எழுதிக் கொடுக்க முடியாதா என்ன? இதுவரை யாரும் கேட்டதில்லை, நானும் யோசித்ததில்லை.

ஆனால் உண்மையான ஆபத்து வேறு இடத்தில் இருக்கிறது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் வந்தபோது வியாசர்பாடி, புளியந்தோப்பு, எங்கள் பக்கம் எல்லாம் தண்ணீர். என் கடையில் கீழ் வரிசையில் இருந்த ஒன்பது மூட்டை நனைந்தது. மனசு கேட்காமல் ஒரு மூட்டையை மாடியில் காயவைத்தேன். மறுநாள் கையில் எடுத்தால் கட்டி கட்டியாக, உள்ளே பச்சை. ஒன்பதையும் கொட்டினேன். ஆனால் அந்த வாரம் ஒருவர் வந்து, நனைந்த மூட்டை இருந்தால் பாதி விலைக்கு எடுத்துக்கொள்கிறேன் என்று கேட்டார். எதற்கு என்று கேட்டேன், பதில் சொல்லாமல் போய்விட்டார். இப்போதுதான் அது நெஞ்சில் குத்துகிறது.

பிரௌனி வீடு, ராயபுரம்:

அண்ணே, இதை வெளியே சொன்னதே பெரிய விஷயம். அந்த ஆள் வேறு யாரிடமாவது எடுத்துப் போயிருந்தால், அது யாராவது ஒரு கடையில் லூஸில்தான் போயிருக்கும். பூசணம் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும் நஞ்சு இருக்கலாம் என்பதால்தான் பயப்படுகிறேன். மூன்று நாளில் காலியாகிறது என்கிறீர்கள், நம்புகிறேன். எல்லாக் கடையும் அப்படி இல்லை. நான் வாங்கிய கடையில் மூட்டை வாயைத் திறந்தே வைத்திருப்பார்கள், மேலே பல்லி ஓடும். பழைய மூட்டையின் அடித்தூளைப் புது மூட்டையின் தலையில் கொட்டுவதை நானே பார்த்திருக்கிறேன். அப்படிக் கலந்தபின் எந்த நம்பரை எழுதுவது?

வேப்பேரி மாணவி:

அடித்தூளைக் கலப்பது மிகவும் தப்பு. உடைந்த துணுக்கில் ஈரமும் எண்ணெய்ச் சிக்கும் சீக்கிரம் ஏறும். வீட்டிலும் டப்பாவைக் கழுவிக் காயவைக்காமல் மேலே மேலே கொட்டுகிறோம், அதுவும் இதே கதைதான். மூட்டையோடு அப்படியே டப்பாவுக்குள் இறக்கி, வாயைச் சுருட்டி மூடுவது நல்லது. லேபிளும் கூடவே இருக்கும்.

சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டுக்கு இன்னொரு விஷயம். 2012-ல் உலர் நாய்த் தீவனத்தில் இருந்த சால்மோனெல்லா கிருமியால் அமெரிக்காவிலும் கனடாவிலும் 49 மனிதர்களுக்கு நோய் வந்தது. அள்ளிப் போட்ட கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாய் திடீரென்று சாப்பாட்டை ஒதுக்கினால் அந்தத் தீவனத்தை உடனே நிறுத்துங்கள், ஆனால் வீசிவிடாதீர்கள். ஒரு கால் கிலோவைத் தனியாகக் கட்டி வைத்துவிட்டு டாக்டரிடம் கொண்டுவாருங்கள்.

தண்டையார்பேட்டை 81:

சட்டம் மாறாமல் இது கடைக்குக் கடை மனசாட்சியைப் பொறுத்ததாகத்தான் இருக்கும் என்பது என் கருத்து. அதிலிருந்து நான் மாறவில்லை. 1915-க்குப் பேசலாம் என்பது எனக்குத் தோன்றாத விஷயம், அதை ஒத்துக்கொள்கிறேன்.

கொடுங்கையூர் கடை:

லூஸ் விற்பதை நான் நிறுத்த மாட்டேன் தம்பி. அந்த ஆறு நாயும் எனக்கு முக்கியம். ஆனால் நாளையிலிருந்து ஒவ்வொரு பையிலும் கம்பெனி பெயர், பேட்ச் நம்பர், காலாவதி தேதி மூன்றையும் மார்க்கரில் எழுதிக் கொடுக்கிறேன். மூட்டை முடிந்தால் லேபிள் பக்கத்தை வெட்டி, பிரித்த தேதியையும் எழுதி மூன்று மாதம் வைத்திருப்பேன். அடித்தூள் குப்பைக்கு. யாராவது நாய் சரியில்லை என்று வந்தால் என்னிடம் காட்ட ஏதாவது இருக்கும்.

பிரௌனி வீடு, ராயபுரம்:

இதைச் செய்தால் உங்களிடமே வாங்குகிறேன் அண்ணே. பில்லும் வேண்டும், துண்டுச் சீட்டாக இருந்தாலும் போதும். சனிக்கிழமை பிரௌனிக்கு மறு ரத்தப் பரிசோதனை இருக்கிறது. முடித்துவிட்டு மாலையில் கடைக்கு வருகிறேன், கடை எந்தத் தெருவில் என்று தனியாக எனக்குச் சொல்லுங்கள்.