கணினி இழுக்கும் கரண்டுக்கு என்ன சொல்: மின்நுகர்வா, மின்னிழுப்பா?

எல்லாருக்கும் வணக்கம்ங்க.

கணினியின் மின்சாரக் கணக்கைக் காட்டும் நிரலைத் தமிழாக்கும்போது எல்லா இடத்திலும் "மின்நுகர்வு" என்றே போட்டுவிடலாம் என்று நம் தமிழாக்கக் குழுவில் அண்ணன் ஒருவர் எழுதியிருந்தார். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. சொல்லில் குறை ஒன்றும் இல்லை, அரசு ஆவணங்களிலும் செய்திகளிலும் புழங்குவதுதான். ஆனால் அந்தத் திரையில் வருவது இரண்டு எண்கள். மேலே இருப்பது இந்த நொடி எத்தனை வாட் போகிறது என்பது. பாட்டு கேட்டால் பெரிதாக அசையாது, வீடியோ எடிட்டிங் முடித்து ரெண்டர் போட்டால் சட்டென்று ஏறும், முடிந்ததும் இறங்கிவிடும். கீழே இருப்பது காலையிலிருந்து மொத்தம் எத்தனை யூனிட் (1000 வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட்) ஆனது என்பது, அது ஏறுமே தவிர இறங்கவே இறங்காது. இரண்டுக்கும் "மின்நுகர்வு" என்றால், 60 வாட்டையும் 0.6 யூனிட்டையும் பார்க்கிற பையன் எதை எதோடு ஒப்பிடுவான்?

பாடநூலில் இதற்குத் திறன் (வாட்), ஆற்றல் (யூனிட்) என்று தெளிவாகப் பிரித்திருக்கிறார்கள். அதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம் என்று இன்னொருவர் சொல்லியிருந்தார். இயற்பியல் தேர்வுக்கு அது சரி. ஆனால் "கணினியின் திறன் 60 வாட்" என்று திரையில் போட்டால் படிப்பவர் அதை வேகம், கெட்டிக்காரத்தனம் என்றுதான் எடுத்துக்கொள்வார். அதிகத் திறன் நல்லதுதானே என்று நினைத்தாலும் நினைப்பார். இங்கே நாம் சொல்ல வருவது நேர் எதிர்.

பவர் என்பதற்கு நம் கொங்குப் பக்கத்தில் "விசை" என்பதையும் ஒருவர் கேட்கலாம். பல்லடம், சோமனூர் பக்கம் பவர்லூமை விசைத்தறி என்று சொல்லாத வாய் ஏது? ஆனால் இயற்பியலில் விசை வேறு ஒன்றுக்குப் போய்விட்டது, நியூட்டனில் அளப்பது. அதனால் அதை விட்டுவிடலாம்.

சரி, ஊரில் எப்படிச் சொல்கிறார்கள்? கிணற்று மோட்டார் சூடாகிறது என்றால், எலெக்ட்ரீசியன் வந்து ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்து கிளாம்ப் மீட்டரை வயரில் மாட்டிவிட்டு, "பேஸுக்கு எத்தனை ஆம்ப்ஸ் இழுக்குதுங்க பாருங்க" என்பார். வீட்டு ஏசியும் கரண்ட் இழுக்கும், பழைய பிரிட்ஜ் புதியதைவிட ஜாஸ்தி இழுக்கும். மாதக் கடைசியில் பேசும்போது மட்டும் வினைச்சொல் மாறிவிடும்: "இந்தத் தடவை கரண்ட் ரொம்பச் செலவாயிருச்சு". இந்த நொடிக்கு இழுப்பு, மொத்தத்துக்குச் செலவு. யாரும் உட்கார்ந்து யோசித்துப் பிரித்ததில்லை, ஆனால் பிரிவு இருக்கிறது. ஆகவே என் பரிந்துரை: வாட்டில் காட்டுவது மின்னிழுப்பு, யூனிட்டில் காட்டுவது மின்செலவு.

இழுப்பு என்றால் மூச்சிரைப்பு நோய் அல்லவா என்ற கேள்வி வரும், வரட்டும். மின்னோடு சேர்ந்து மின்னிழுப்பு என்று நிற்கும்போது அந்தக் குழப்பம் வராது. "மின்னிழுவை" என்று யோசித்தால் ரயில் ஓட்டுகிற மின்சார இழுவையோடு மோதும். மின்னீர்ப்பு இன்னும் மோசம், சீப்பைத் தலையில் தேய்த்துத் துண்டுக் காகிதத்தைத் தூக்குகிற சமாச்சாரம் அது.

இந்தப் பிரிவு எவ்வளவு உதவும் என்பதற்கு, எந்தக் கருவியும் வாங்காமல் வீட்டிலேயே பார்க்க ஒரு வழி இருக்கிறது. வீட்டு மின்னணு மீட்டரில் சின்னச் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டே இருக்கும். பக்கத்தில் ஒரு யூனிட்டுக்கு எத்தனை மினுக்கல் என்று அச்சிட்டிருப்பார்கள். பல மீட்டர்களில் 3200 என்றிருக்கும், உங்களுடையதைப் பார்த்துக்கொள்ளுங்கள். மற்றதை எல்லாம் அணைத்துவிட்டுக் கணினியை மட்டும் ஓடவிட்டு, ஒரு மினுக்கலுக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை நொடி என்று பார்த்து, 3200 மீட்டரில் 1125-ஐ (36 லட்சத்தை 3200-ஆல் வகுத்தது) அதால் வகுத்தால் வாட் வந்துவிடும். 11 நொடி சொச்சம் என்றால் 100 வாட். மினுக்கல் எவ்வளவு அவசரமாக வருகிறது என்பது மின்னிழுப்பு; மொத்தம் எத்தனை மினுக்கல் ஆனது என்பது மின்செலவு. இதை "நுகர்வு, நுகர்வு" என்று இரண்டு முறை சொல்லி விளக்கிப் பாருங்கள், நாக்கு சுளுக்கிக்கொள்ளும்.

பணக் கணக்கும் இதோடு ஒட்டியதுதான். 150 வாட் இழுக்கும் கணினி தினம் 10 மணி நேரம் ஓடினால் 60 நாளில் 90 யூனிட். 2016-இல் தமிழ்நாட்டு வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் என்று வந்தது; அந்த அளவில் ஏறக்குறைய எல்லாவற்றையும் அதுவே தின்றுவிடும். 500 யூனிட்டைத் தாண்டினால் வீதமே மாறும் என்பதால், அந்த எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற வீட்டுக்குக் கணினியின் மின்செலவு சின்ன விஷயம் அல்ல.

அப்புறம், சுவரிலிருந்து கரண்ட் வாங்கிக் கணினியின் உறுப்புகளுக்குக் கொடுக்கும் எஸ்எம்பிஎஸ் பெட்டியில் ஒட்டியிருக்கும் 450 வாட் என்ற எண். அது அந்தப் பெட்டி உள்ளே கொடுக்கக்கூடிய உச்ச அளவு, கணினி எந்நேரமும் இழுக்கிற அளவு அல்ல. அதை மின்னிழுப்பு என்று யாரும் தமிழாக்கிவிட வேண்டாம், "உச்சத் திறன்" போதும், இங்கே திறன் சரியாகவே பொருந்துகிறது. உள்ளே 100 வாட் கொடுக்க, 80 சதவீதம் பயன்தரும் எஸ்எம்பிஎஸ் சுவரிலிருந்து 125 வாட் இழுக்கும். மீதி 25 சூடாகப் போகிறது. நம் மின்னிழுப்பு என்பது சுவரில் அளப்பது, அந்த 125.

இதனால்தான் திரையின் மேல் வரியைப் பற்றி ஒரு தயக்கம். நிரல் காட்டுகிற வாட், 2011-இல் வந்த சாண்டி பிரிட்ஜ் தலைமுறையிலிருந்து இன்டெல் பிராசசர்கள் தாமே சொல்லும் கணக்கு. அதில் மானிட்டர் இல்லை, எஸ்எம்பிஎஸ் விரயம் இல்லை. மொட்டையாக "மின்னிழுப்பு" என்றால் பொய்யாகிவிடும். "பிராசசரின் மின்னிழுப்பு" என்று போடுவோம், நீளமானாலும் பரவாயில்லை.

வோல்ட்டையும் ஆம்ப்ஸையும் பெருக்கி வாட் என்று எழுதும் பழக்கத்தையும் உதவிப் பக்கத்தில் நிறுத்த வேண்டும். அது தோற்றத் திறன், விஏ-யில் சொல்வது; நிஜமாகப் போகும் வாட் அதைவிடக் குறைவாக இருக்கலாம். யூபிஎஸ்ஸில் 600 விஏ என்று போட்டிருந்தாலும் பல பெட்டிகள் 360 வாட்தான் தாங்கும். கோவை மில்காரர்களுக்கும் கெப்பாசிட்டர் மாட்டிய தோட்டத்துக்காரர்களுக்கும் திறன் காரணி (வாட்டை விஏ-யால் வகுத்தால் வருவது) என்றால் என்னவென்று சொல்லித்தர வேண்டியதில்லை. வீட்டு பில்லில் யூனிட்டைத்தான் பார்ப்பதால் நம் நிரலுக்கு அது ஓர் அடிக்குறிப்பு போதும்.

கருவிக்குப் பெயர் வைப்பதில் எனக்கு அவசரம் இல்லை. பிளக்கில் சொருகும் வாட்மீட்டரைக் கடையில் வாட்மீட்டர் என்றுதான் கேட்கிறார்கள். "மின்னிழுப்புமானி" என்று நீட்டுவதில் ஆதாயம் தெரியவில்லை.

மாற்றுக் கருத்து இருந்தால் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்லுங்க, அதற்கப்புறம் கோப்பில் மாற்றிவிடுகிறேன். ஒன்றே ஒன்று மட்டும் தொங்கலில் நிற்கிறது: ஷட்டவுன் செய்த பிறகும் பிளக்கில் இருப்பதால் ஓரிரண்டு வாட் போய்க்கொண்டே இருக்குமே, அதற்கு என்ன வைக்கலாம்? "காத்திருப்பு மின்னிழுப்பு" என்று தற்காலிகமாகப் போட்டிருக்கிறேன். எங்கள் வீட்டில் அதற்கு "சும்மா இழுக்கற கரண்ட்" என்று பெயர். "சும்மா இழுப்பு" என்று திரையில் போட்டால் அண்ணன் திட்டுவாரா?